அன்றிரவு மைதானத்தில் பாட்டுப் போட்டவன் எழுதுவது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு வாசகர் கடிதப் பகுதியில், பொகவந்தலாவைப் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் ஒருவர் எழுதியிருந்ததைப் படித்தேன். சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழா முடிந்த இரவு, தோட்ட மைதானத்தில் யாரோ ஒரு டிஜே "பேய் உறுமுகிற குரலையும் தகரம் கிழிகிற கிட்டாரையும்" ஆட்டப் பாட்டோடு சேர்த்துப் போட்டதாகவும், லயத்துச் சனம், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில் இருப்பவர்கள், தூங்க முடியாமல் தவித்ததாகவும், இந்த மாதிரி அந்நியச் சத்தத்துக்கு இனி எந்தத் தோட்டத்திலும் இடம் கொடுக்கக் கூடாது என்றும் அவர் எழுதியிருந்தார். அந்த டிஜே நான்தான்.

இலங்கை மலையகத்தில், கொட்டகலையில் சவுண்ட்ஸ், அதாவது ஒலிபெருக்கிச் சாமான், வாடகைக்குக் கொடுக்கிறேன். ஒரு டிமோ பட்டா லொறி, அடி ஒலிக்கான 18 அங்குல பேஸ் பொக்ஸ் நான்கு, ஒரு லெப்டொப், பாட்டுகளைச் சேர்க்க இரண்டாம் கையாக வாங்கிய கண்ட்ரோலர் ஒன்று. அட்டன், மஸ்கெலியா, நோர்வூட், தலவாக்கலை என்று கல்யாண வீடு, சடங்கு வீடு, திருவிழா, விளையாட்டு விழா எல்லாவற்றுக்கும் 11 வருடமாகப் போய் வருகிறேன். அதற்கு முன் கொழும்பில் ஒரு மின்சாதனக் கடையில் வேலை. அங்கே இருந்த காலத்தில்தான் ஹெவி மெட்டல் என்ற கனத்த கிட்டார் ரொக் இசை காதில் விழுந்தது. பிறகு அது என்னை விடவில்லை.

அதிபர் ஐயா என் பெயரைப் போடவில்லை. அது அவருடைய பெருந்தன்மை. அவர் சொன்னவை இரண்டு. ஒன்று, சத்தம் கூடிப்போனது. மற்றது, அது நம்முடையது அல்ல, இசையே அல்ல. முதலாவதை நான் அப்படியே ஒப்புக்கொள்கிறேன். இரண்டாவதற்குப் பதில் சொல்லாமல் இருந்தால் எனக்கு இரவில் தூக்கம் வராது.

முதலில் சத்தம். கடிதத்தைப் படித்த மறுநாளே அந்த லயத்துக்குப் போனேன். மைதானத்தின் ஓரத்திலிருந்து முதல் வீடு ஐம்பது அறுபது எட்டுத்தான் இருக்கும். கடைசி வீட்டு ஆத்தா தேத்தண்ணி கொடுத்துவிட்டு, "பாட்டு பரவாயில்ல தம்பி, கூரைதான் ராவெல்லாம் பேசுச்சு" என்றார். கூரையை அண்ணாந்து பார்த்தேன். பழைய தகரம். ஆணி கழன்று, இரண்டு தகடு ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கிறது. அதன் அடியில் நின்று கையால் தட்டிப் பார்த்தேன். தட்டிய பிறகும் இரண்டு மூன்று விநாடி உறுமிக்கொண்டே இருந்தது. எனக்குப் புரிந்துவிட்டது.

பேஸ் பொக்ஸில் வரும் 50 ஹேர்ட்ஸ் ஒலியின் அலை நீளம் கிட்டத்தட்ட 7 மீற்றர். லயத்துச் சுவர் அதற்கு ஒரு தடையே அல்ல. மேல் சுரங்களைச் சுவர் பிடித்து நிறுத்திக்கொள்ளும். அடி ஒலி மட்டும் உள்ளே நுழைந்து தகரத்தை ஆட்டும். உள்ளே படுத்திருப்பவருக்குப் பாட்டு கேட்காது, கிட்டார் கேட்காது, தாளம்கூடச் சரியாகக் கேட்காது. கூரை மட்டும்தான் கேட்கும். அதைச் சத்தம் என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது? ஐயா, அந்த இரவுக்காக அந்த லயத்துச் சனத்திடம் நேரில் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். இந்தக் கடிதத்திலும் கேட்கிறேன்.

இப்போது எங்கே போனாலும் பொக்ஸை லயத்துக்கு முதுகு காட்டி, தேயிலை மலைப் பக்கம் பார்க்க வைக்கிறேன். அடி ஒலி எல்லாப் பக்கமும் பரவும் என்பதால் அது மட்டும் போதாது. 40 ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை முழுதாக வெட்டிவிடுகிறேன். இரண்டு பொக்ஸை இறக்குவதே இல்லை. இரவு 10 மணிக்கு ஜெனரேட்டரையும் நிறுத்திவிடுகிறேன். அதற்குமேல் ஒலிபெருக்கி போட நாட்டுச் சட்டமே சாதாரணமாக இடம் தராது. அது எத்தனையோ கல்யாண வீடுகளில் காற்றில் பறப்பது எனக்கும் தெரியும், ஐயாவுக்கும் தெரியும். ஆட வருகிற பிள்ளைகளின் காதும் ஒரு காரணம். 85 டெசிபலில் 8 மணி நேரம் இருக்கலாம் என்றால், 100 டெசிபலில் 15 நிமிடம்தான் பாதுகாப்பு என்பது காது பற்றிப் படித்தவர்களின் கணக்கு. பொக்ஸுக்கு முன்னால் போய்ச் சாய்ந்து நிற்கும் பொடியன்களை நானே இறங்கிப் போய்ப் பின்னால் அனுப்புகிறேன்.

சரி, இரண்டாவது விஷயத்துக்கு வருகிறேன்.

என் தாய்மாமா தப்பு என்ற தோல் பறை அடிப்பவர். எங்கள் தோட்டத்தில் மாசி மாதம் மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்து நடந்தால் மாமா இல்லாமல் நடக்காது. கூத்துக்கு முன் கவ்வாத்துக் குச்சியைக் குவித்துத் தீ மூட்டி, தப்பின் தோலைக் காட்டிக் காட்டி எடுப்பார். ஈரக் காற்றில் தோல் தொய்ந்து போயிருக்கும். சூடு ஏற ஏறத் தோல் இறுகும். ஓரத்தில் ஒரு விரலால் சுண்டுவார், காது கொடுப்பார், மறுபடி தீயில் காட்டுவார். பக்கத்தில் நிற்கும் மற்றத் தப்போடு சுருதி சேரும் வரைக்கும் அடிக்கவே மாட்டார். சின்ன வயதில் எனக்கு அந்தக் காத்திருப்புத்தான் பிடிக்கும். இன்றைக்குக் காதில் ஹெட்போன் ஒரு பக்கம், மைதானத்து ஒலி மறு பக்கம் என்று வைத்துக்கொண்டு இரண்டு பாட்டைச் சேர்க்கும்போது நான் செய்வது மாமா தீக்குப் பக்கத்தில் செய்ததைத்தான்.

மாமாவுக்குத் தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்தை உருட்டும் ரோலர் பக்கம் வேலை. ஒரு நாள் கொழுந்து தள்ளும்போது இடது கையின் இரண்டு விரல் நுனி போய்விட்டது. மெல்லிய மூங்கில் சிம்பைப் பிடிக்கிற கை. "இனி தப்புக் கிடையாது" என்று எல்லாரும் சொன்னார்கள். மாமா ஆறு மாதம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் ஒரு பழைய சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டிச் சிம்பின் அடியில் சுற்றினார். விரல் இல்லாத இடத்தை ரப்பர் நிரப்பியது. அடி கொஞ்சம் மாறிப்போனது. முன்பைவிட மந்தமாக, கனமாக விழுந்தது. ஊரில் சிலருக்கு அதுதான் இன்னும் பிடித்தது.

பல வருடம் கழித்து, ஹெவி மெட்டல் எப்படித் தொடங்கியது என்று படித்தபோது நான் அப்படியே நின்றுவிட்டேன். இங்கிலாந்தின் பர்மிங்காம் உலோகத் தொழிற்சாலைகள் நிறைந்த ஊர். அங்கே டொனி அயோமி என்ற பையன் தகடு வெட்டும் தொழிற்சாலையில் வேலை பார்த்தான். 17 வயது. அந்த வேலையில் கடைசி நாள் அன்று இயந்திரம் அவனுடைய வலது கையின் நடு விரல் நுனியையும் மோதிர விரல் நுனியையும் எடுத்துவிட்டது. அவன் இடக்கைப் பழக்கக்காரன்; கிட்டாரின் தந்தியை அழுத்துகிற கையே அந்த வலது கைதான். பிளாஸ்டிக் போத்தலை உருக்கி விரலுக்குக் குப்பி செய்தான். அதன்மேல் தோல் துண்டு ஒட்டினான். மெல்லிய தந்தி போட்டான். பிறகு தந்தியின் இறுக்கத்தையே குறைத்துச் சுருதியைக் கீழே இறக்கினான். 1968இல் அவரும் நண்பர்களும் சேர்ந்து தொடங்கிய குழுதான் பிளாக் சபாத். முதல் ஆல்பம் 1970 பெப்ரவரியில் வந்தது. ஹெவி மெட்டலின் தொடக்கம் என்று உலகம் அதைத்தான் காட்டுகிறது. அந்தக் கனமான, இருண்ட கிட்டார் ஒலிக்குள் ஒரு தொழிலாளியின் வெட்டுப்பட்ட விரல் இருக்கிறது.

இதை மாமாவிடம் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "போத்தலை உருக்கினா வழுக்குமே, அதுக்கு என்ன பண்ணினான்?" தோல் ஒட்டியதைச் சொன்னேன். தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "புத்திசாலிப் பொடியன்" என்றார்.

அதிபர் ஐயா, "அந்நியச் சத்தம்" என்று நீங்கள் எழுதிய இடத்தில் எனக்கு வலித்தது இதனால்தான். அன்று நான் மெட்டலோடு சேர்த்த டெக்னோ என்ற மின்னணு ஆட்ட இசையும் இப்படித்தான் பிறந்தது. அமெரிக்காவில் மோட்டார் கார் தொழிற்சாலைகளால் வளர்ந்து, அவை மூடப்பட மூடப்பட வாடிய ஊர் டெட்ரோயிட். 1980களின் நடுவில் ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சோண்டர்சன் என்ற மூன்று கறுப்பின இளைஞர்கள் மலிவாகக் கிடைத்த மின்னணுக் கருவிகளை வைத்து அங்கே அதை உருவாக்கினார்கள். அதற்குச் சில வருடம் முன்னால் சிக்காகோவில் வெயார்ஹவுஸ் என்ற கிளப்பில் பிராங்கி நக்கிள்ஸ் போட்ட பாட்டுகளிலிருந்து ஹவுஸ் இசை கிளைத்தது. மெட்டல், டெக்னோ இரண்டுமே இயந்திரச் சத்தத்துக்குள் பிறந்து வளர்ந்தவர்களின் இசை. ஸ்டோர் சங்குக்கு எழும்பி, ரோலர் ஓடுகிற சத்தத்தைக் கேட்டே வளர்ந்த எங்கள் பிள்ளைகளுக்கு அது எப்படி அந்நியமாகும்?

இரண்டையும் சேர்ப்பதும் நான் கண்டுபிடித்தது அல்ல. பிளாக் சபாத் பிறந்த அதே பர்மிங்காமில் 1988இல் தொடங்கிய காட்ஃபிளெஷ், டிரம் அடிக்க ஆள் வைக்காமல் டிரம் மெஷினை வைத்தே மெட்டல் வாசித்தது. சிக்காகோவில் மினிஸ்ட்ரி என்ற குழு சின்தசைஸர் ஆட்டப் பாட்டில் தொடங்கி மெட்டலுக்கு வந்து சேர்ந்தது. லொஸ் ஏஞ்சலிஸின் ஃபியர் ஃபெக்டரி 1993இலேயே தன் மெட்டல் பாட்டுகளை மின்னணு இசைக்காரரிடம் கொடுத்து மாற்றி வெளியிட்டது. 2011இல் கோர்ன் குழு ஒரு முழு ஆல்பத்தையும் டப்ஸ்டெப் என்ற மின்னணு ஆட்ட இசையின் இசையமைப்பாளர்களோடு செய்தது. அவர்களில் ஒருவரான ஸ்க்ரில்லெக்ஸ், டிஜே ஆவதற்கு முன் தொண்டை கிழியக் கத்திப் பாடும் ஒரு ரொக் குழுவின் பாடகர். நம் நாட்டிலும் மெட்டலுக்குப் பஞ்சமில்லை: கொழும்பில் ஸ்டிக்மாட்டா. நம் கண்டியிலிருந்தே பெரனொய்ட் ஏர்த்லிங் என்ற ரொக் குழு வந்திருக்கிறது.

இனி அந்த இரவைப் பற்றி. ஐயா தூரத்திலிருந்து கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன். மேசைக்குப் பின்னால் என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

ஏழு மணி வரை பைலாவும் குத்துப்பாட்டும்தான் போட்டேன். சனம் அதற்குத்தான் வந்திருந்தது. இந்த இரண்டிலும் பெரும்பாலும் ஒரு காலடிக்குள் மூன்று தட்டு விழும். தவில்காரர் திஸ்ரம் என்பார். ஹவுஸ், டெக்னோவில் ஒரு காலடிக்குள் நான்கு, அதாவது சதுஸ்ரம். மூன்றில் ஆடிக்கொண்டிருப்பவரைத் திடீரென்று நான்கில் இழுத்துவிட்டால் கால் தடுமாறும், கூட்டம் நின்றுவிடும். நிறைய டிஜேக்கள் அந்த இடத்தில் பாட்டை நிறுத்தி, மைக்கில் கத்தி, புதுப் பாட்டைத் தொடங்குவார்கள். எனக்கு அது பிடிக்காது. மெட்டலில் மூன்று மூன்றாக ஓடும் கிட்டார் துணுக்குகள் உண்டு. பைலா முடிகிற இடத்தில் அப்படி ஒரு துணுக்கை எடுத்து, நான்கு சுற்று மட்டும் வெட்டி, லூப்பில் போட்டுத் திரும்பத் திரும்ப ஓடவிட்டேன். காலடி மாறவில்லை, உள்ளே ஓடும் மூன்றும் மாறவில்லை. ஒலி மட்டும் மாறியது. பிறகு அதன் அடியில் டெக்னோவின் 'தும் தும்' என்ற அடியை மெதுவாக ஏற்றினேன். காலடிக்கு ஒன்று, அவ்வளவுதான். எட்டுச் சுற்றுப் போனதும் மூன்றை எடுத்துவிட்டு நான்கை விட்டேன். மைதானத்தில் ஒருவர்கூட நிற்கவில்லை. அந்த இடத்துக்காக நான் கடையில் மூன்று வாரம் பழகினேன்.

இப்படிச் சேர்ப்பதில் பெரிய தலைவலி என்னவென்றால், பழைய மெட்டல் பாட்டுகளில் டிரம் அடிப்பவர் மனுசன். டெக்னோ 126 என்றால் தொடக்கத்திலிருந்து முடிவு வரை நிமிடத்துக்கு 126 அடிதான். மனுசன் அப்படி அடிக்க மாட்டான். பல்லவியில் 118 இருக்கும், உணர்ச்சி ஏறுகிற இடத்தில் 122 ஆகிவிடும். அதுதான் அதன் உயிர். ஆனால் இரண்டையும் ஒன்றாக ஓடவிட்டால் அரை நிமிடத்தில் குதிரை வண்டி கல்லில் ஏறுவது போல ஆகிவிடும். ஐந்து வருடத்துக்கு முன் ஒரு கல்யாண வீட்டில் எனக்கு இது நடந்தது. கொம்பியூட்டர் காட்டிய எண்ணை நம்பி விட்டுவிட்டேன்; இருபது விநாடியில் இரண்டு அடியும் பிரிந்து, ஆடிக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் நண்பர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அன்றிலிருந்து பாட்டு முழுவதையும் காதால் கேட்டு, எட்டுச் சுற்றுக்கு ஒரு தரம் அடி எங்கே விழுகிறது என்று நானே குறித்து வைக்கிறேன். ஒரு பாட்டுக்கு ஒரு மணி நேரம் போகும். அந்த நேரத்தை ஒதுக்காதவன் இந்தக் கலவையைத் தொடக்கூடாது என்பது என் எண்ணம்.

சுருதி இன்னொன்று. பாட்டை நூற்றுக்கு 6 வீதம் வேகமாக்கினால் சுருதி அரைச்சுரம் ஏறிவிடும். ஏறாமல் பிடித்து வைக்க கண்ட்ரோலரில் ஒரு பட்டன் இருக்கிறது. ஆனால் அதைப் போட்டால் கிட்டாரின் கரகரப்பு நீர்த்துப்போகும். நல்லகாலம், நிறைய மெட்டல் குழுக்கள் கிட்டாரை அரைச்சுரம் இறக்கிக் கட்டுகின்றன. 6 வீதம் ஏற்றினால் அது தானாக வழமையான சுருதிக்கு வந்து நிற்கும். நான் 119இல் உள்ள பாட்டை 126க்குக் கொண்டுபோனது அதனால்தான்.

அப்புறம் ஐயா இன்னொன்றைக் கேட்டுப் பார்க்க வேண்டும். மெட்டல் கிட்டாரில் அடிப்படையாக வாசிப்பது ஒரு சுரமும் அதன் பஞ்சமமும், மேல் சட்ஜமும். ச, ப, ச. பஜனை மடத்தில் ஹார்மோனியத்துக்குப் பக்கத்தில் சுருதிப் பெட்டி போடும்போது ஒலிக்கிற அதே ச, ப, ச. இடையில் காந்தாரம் கிடையாது. காந்தாரம் இல்லாததால் மகிழ்ச்சி, சோகம் என்று எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கும். அதன்மேல் எந்த மெட்டையும் வைக்கலாம். எட்டேகால் மணிக்கு அந்தக் கிட்டாரின்மேல் நாதஸ்வரத் துணுக்கு ஒன்றை வைத்தேனே, அது ஒட்டியது இதனால்தான். ஐயாவின் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. காற்று அந்த நேரம் வேறு பக்கம் அடித்திருக்கலாம்.

எட்டரைக்குத்தான் நான் காத்திருந்த இடம் வந்தது. சாயங்காலம் பெய்த மழை விட்டு, மேலிருந்து பனிமூட்டம் இறங்கி, கயிறிழுத்தல் நடந்த சேற்றின்மேல் நின்றது. டெக்னோவை 130க்கு ஏற்றியிருந்தேன். மெட்டலில் மிக மெதுவாக, 65இல் நடக்கும் வகை ஒன்று உண்டு. 65ஐ இரண்டால் பெருக்கினால் 130. டெக்னோவின் இரண்டு அடிக்குக் கிட்டாரின் ஒரு அடி. இடது கையால் மெட்டலின் அடி ஒலிக் குமிழை முழுதாக இறக்கி வைத்துக்கொண்டு, வலது கையால் அதன் ஒலியைக் கூட்டும் ஃபேடரை ஒரு மயிரிழை ஒரு மயிரிழையாக ஏற்றினேன். கீழே டெக்னோவின் அடி மட்டும், நடுவில் கிட்டார், மேலே டிரம்மின் உலோகத் தட்டான சிம்பல். இரண்டு அடி ஒலியையும் ஒரே நேரத்தில் விட்டால் ஒன்றையொன்று தின்றுவிடும். 32 சுற்று அப்படியே வைத்திருந்தேன். கிட்டார் மலை மாதிரி மெதுவாக அசைகிறது, அடியில் கால்கள் ஓடுகின்றன.

முன்னால் நின்ற பொடியன்கள் முதலில் ஆடுவதை நிறுத்திவிட்டார்கள். பிழை செய்துவிட்டேனா என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. பிறகு பார்த்தால் எல்லாரும் தலையை மட்டும் ஒன்றாக, மெதுவாக அசைக்கிறார்கள், கிட்டாரோடு. அவர்களுக்குப் பின்னால், இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு நின்ற ஓர் அக்காவின் குதிகால் சேற்றில் ஏறி இறங்குகிறது, டெக்னோவோடு. ஒரே மைதானத்தில் சிலர் மெட்டலுக்கு, சிலர் டெக்னோவுக்கு. தினமும் மலையேறிக் கொழுந்து பறிக்கும் கால்கள். நான் அந்த அக்காவின் குதிகாலைப் பார்த்துக்கொண்டே அடுத்த பாட்டைக் கோர்த்தேன். 11 வருடத்தில் எனக்கு அதைவிடச் சந்தோசமான ஐந்து நிமிடம் கிடைத்ததில்லை. அந்த ஐந்து நிமிடத்தில் கடைசி வீட்டுக் கூரை பேசிக்கொண்டிருந்தது என்பதை இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. இரண்டும் உண்மைதான்.

உறுமும் குரலைப் பற்றி. அது பேய்க்குரல் அல்ல, ஐயா. தொண்டையில் குரல் நாணுக்கு மேலே இன்னொரு மடிப்பு உண்டு. அதை அதிரவிட்டுப் பாடும் முறை அது. பழகாமல் செய்தால் தொண்டை போய்விடும். அதற்கென்று பயிற்சி எடுக்கிறார்கள். நம் காமன் கூத்தில் வீரபத்திரன் வருகிற நேரம் உங்களுக்கு நினைவிருக்கும். தப்பு வேகம் பிடிக்க, வேசம் கட்டியவர் அடிவயிற்றிலிருந்து ஓர் உறுமல் எழுப்பிக்கொண்டு களத்துக்குள் பாய்வார். நாங்கள் சின்னப் பிள்ளைகள் அம்மாவின் சேலைக்குள் ஒளிந்துகொள்வோம். ஆனால் அடுத்த வருடமும் முன்வரிசைக்கு ஓடுவோம். கோபத்துக்கு ஒரு குரல் வேண்டும் என்று நம் பெரியவர்களுக்கும் தெரிந்துதான் இருந்தது. இருந்தாலும் ஐயாவின் கடிதத்தில் ஒரு நியாயம் இருக்கிறது: வயதானவர்களும் குழந்தைகளும் இருக்கிற இடத்தில் அந்தக் குரல் பயமுறுத்தும். இனிமேல் தோட்ட நிகழ்ச்சிகளில் கிட்டாரையும் டிரம்மையும் மட்டும் எடுத்துக்கொள்வேன். பாட்டிலிருந்து குரலைத் தனியாகப் பிரித்தெடுக்க இப்போது மென்பொருள் இருக்கிறது. கோயில் வளவில் நான் மெட்டல் போட்டதே இல்லை, போடவும் மாட்டேன்.

எங்கள் ஆட்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இளம் டிஜேக்கள் சிலர் இந்தக் கலவையைச் சும்மா ஒரு அதிர்ச்சிக்காகப் போடுகிறார்கள். நல்ல பாட்டு ஓடும்போது நடுவில் திடீரென்று ஒரு கத்தல், ஒரு வெடி, விளக்கு அணைப்பு. இணையத்தில் ஆயத்தமாகக் கிடைக்கிற கலவையை இறக்கி, கேட்டுக்கூடப் பார்க்காமல் ஓடவிடுவது. தம்பிமாரே, அப்படிச் செய்தால் மெட்டலும் கெடும், ஆட்டமும் கெடும், அதிபர் ஐயா மாதிரியான பெரியவர்கள் எழுதுகிற கடிதமும் சரியாகிவிடும். என் கடை வார நாட்களில் மாலை ஐந்துக்குப் பிறகு சும்மாதான் இருக்கும். கண்ட்ரோலர் மேசையில் இருக்கிறது. வாருங்கள், பழகலாம். காசு வேண்டாம்.

எனக்கு இன்னொரு ஆதங்கமும் உண்டு. "இது வெறும் சத்தம், நம் மரியாதைக்குப் பொருந்தாது" என்ற பேச்சை நான் முதலில் கேட்டது மெட்டலைப் பற்றி அல்ல, மாமாவின் தப்பைப் பற்றித்தான். ஒரு காலத்தில் தோட்டத்துச் சனத்தைக் காலையில் வேலைக்குக் கூடும் பெரட்டுக் களத்துக்கு எழுப்பியதும் தப்பு, சாமியை அழைத்ததும் தப்பு, செத்தவரை வழியனுப்பியதும் தப்பு. அப்படிப்பட்ட தப்பை ஒரு சாதியின் தலையில் கட்டி, இழிவு என்று ஒதுக்கினோம். மாமாவின் மகன் பாடசாலையில் கேலி செய்தார்கள் என்று தப்பைத் தொடாமலே வளர்ந்தான். கொழும்பில் கடையில் நிற்கிறான். மாமாவின் அடிகளைக் கற்றுக்கொண்டவர் இன்று எங்கள் தோட்டத்தில் இரண்டே பேர். 2023இல் நம் சனம் இந்த நாட்டுக்கு வந்து 200 வருடம் என்று, மலையகம் 200 என்று நடந்தோம், பேசினோம், மேடையில் தப்பு அடித்தார்கள், கண் கலங்கியது. மேடை கலைந்த பிறகு? ஒரு கல்யாணத்துக்கு எனக்குக் கொடுக்கிற பணத்தில் கால்வாசிகூடத் தப்புக் குழுவுக்குக் கொடுக்க வீட்டுக்காரர்களுக்கு மனம் வருவதில்லை. எதையாவது சத்தம் என்று ஒதுக்கும்போது எனக்கு உடனே பயம் வருவது இதனால்தான்.

அதனால் என் வேண்டுகோள் இவ்வளவுதான். இளைஞர் கழகங்களும் தோட்ட நிர்வாகங்களும் ஒலி அளவுக்குக் கட்டுப்பாடு வையுங்கள், நேரத்துக்குக் கட்டுப்பாடு வையுங்கள், பொக்ஸ் எங்கே நிற்க வேண்டும் என்று நீங்களே வந்து காட்டுங்கள். நான் கேட்பேன். இன்ன இசை வேண்டாம் என்று மட்டும் பட்டியல் போடாதீர்கள்.

மாமாவுக்கு இப்போது 67 வயது. போன மாதம் கடைக்கு வந்தார். தப்பைக் கொண்டுவந்திருந்தார். மைக் வைத்து அவருடைய அடிகளில் ஆறு ஏழைப் பதிந்தேன். கடையில் தீ மூட்ட முடியாது என்பதால் மின் அடுப்பைப் போட்டுத் தோலைக் காய்ச்சினார். "இது சூடு இல்ல" என்று இரண்டு தரம் சொன்னார். சாமி ஊர்வல அடி ஒன்றை எண்ணிப் பார்த்தேன், தொடக்கத்தில் 128, முடியும்போது 137. அவரும் மனுசன்தானே. எட்டுச் சுற்றுக்கு ஒரு தரம் குறித்து வைத்திருக்கிறேன். அதை மெதுவான மெட்டல் கிட்டார் ஒன்றோடும் ஒரு டெக்னோ அடியோடும் சேர்த்துப் பார்க்கிறேன். இன்னும் சரியாக வரவில்லை. தப்பின் சிம்பு ஒலியும் சிம்பலும் ஒரே இடத்தில் மோதுகின்றன. சிம்பலைத்தான் குறைக்க வேண்டும் என்று மாமா சொல்கிறார். அவர் சொல்வது சரி.

வருகிற தைப்பொங்கலுக்கு மறுநாள் மாலை ஆறு மணிக்கு அதே மைதானத்தில் அதைப் போட இளைஞர் கழகத்திடம் கேட்டிருக்கிறேன். 40 நிமிடம். மாமா நேரில் அடிப்பார், நான் பக்கத்தில் நிற்பேன். அதிபர் ஐயா அவசியம் வர வேண்டும். மேசைக்குப் பின்னால், எனக்கு வலப் பக்கம் ஒரு நாற்காலி போட்டு வைக்கிறேன். அங்கே சத்தம் குறைவு. பொக்ஸ் தேயிலை மலையைப் பார்த்துத்தான் இருக்கும். கடைசி வீட்டுக் கூரைக்கு ஆணி வாங்கிக் கொடுத்துவிட்டேன். பொடியன்கள் அடுத்த ஞாயிறு ஏறி அடிக்கிறார்கள்.

இப்படிக்கு,
சவுண்ட்ஸ் கடைக்காரன்,
கொட்டகலை.